எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள்?

மார்ச் 4
மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் அம்மா இன்று ஒரு படிவத்தை நீட்டினார். ‘போட்ட பணம் கால்வாசி விழுந்தால் என்ன செய்வீர்கள்?’ எடுத்துவிடுவேன், காத்திருப்பேன், இன்னும் போடுவேன் என்று மூன்று கட்டங்கள். நான் பேனாவை எடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “இவளா? கரப்பான்பூச்சியப் பார்த்தாலே கட்டில்மேல ஏறிடுவா. எடுத்துடுவேன்னு போடுங்க.” எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அப்படியே டிக் போட்டு, என் சேமிப்பைக் கட்டினேன்.

மார்ச் 19
சந்தை படுத்துவிட்டது. எக்ஸ்ரே அறை வேலையில், இரண்டு நோயாளிகளுக்குப் படம் எடுப்பதற்கு நடுவே போனைப் பார்த்தேன். எண்கள் எல்லாம் சிவப்பு. ஆனாலும் எடுக்கவில்லை. அவசரப்பட்டுக் கட்டைப் பிரித்தால் எலும்பு கோணலாகத்தான் சேரும், பத்து வருடமாகப் பார்க்கிறேனே.

மார்ச் 22
“எல்லாத்தையும் எடுத்துக் குடு. என் ஃபிரெண்டு பிளாட் போடுறான், ரெண்டே மாசத்துல ரெட்டிப்பு.” மாட்டேன் என்றேன். வீட்டுக்காரர் அறைந்தார். காது இன்னும் ஙொய் என்கிறது. பயந்தாங்கொள்ளியாம் நான்!

மார்ச் 26
போனில் கட்டைவிரல் ரேகையை அழித்தேன். இனி இடது சுண்டுவிரல்தான் திறக்கும்.

மார்ச் 27
இடது கையால் எழுதுகிறேன்.

காலையில் சமையலறைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, என் வலது கட்டைவிரலைப் போனில் வைத்து அமுக்கினான். ஆமாம், இனி அவன்தான். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினான். மறுபடி. “என்னடி செஞ்ச?” விரலைப் பின்னால் வளைத்தான் — படத்தில் ஆயிரம் முறிவு பார்த்திருக்கிறேன், சத்தத்தை இன்றுதான் கேட்டேன். கையில் அகப்பட்ட குக்கர் மூடியால் அவன் மூக்கிலேயே ஒன்று வைத்தேன். ரத்தம் கொட்டியது. எழுதக் கூசுகிறது, ஆனால் நன்றாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடி, என் விரலை நானே படம் எடுத்தேன். பதிவேட்டில் ‘அடிபட்ட விதம்’ என்று ஒரு கட்டம். ‘குளியலறையில் வழுக்கி’ என்று எத்தனை பெண்கள் சொல்லச் சொல்ல எழுதியிருப்பேன்! ஒருத்தியையாவது நிஜமா என்று கேட்டேனா, பாவி? இன்று எழுதினேன்: ‘கணவன் முறித்தான்.’

டாக்டர் இரண்டு முறை படித்தார். “போலீசுக்குப் போன் போடட்டுமாம்மா?”

“போடுங்க டாக்டர்.”

மே 9
கட்டைப் பிரித்தார்கள். சந்தை இன்னும் எழவில்லை. புது வாடகை அறைக்கு ஏஜென்ட் அம்மா வந்தார். முகவரி மாறியதால் மறுபடி அதே படிவம், அதே கேள்வி. “பழையபடியே போட்டுடலாமா?” என்று கேட்டார்.

பேனாவை வாங்கி மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். விரல் வலியில் அது கோணிக்கொண்டு போனது. போகட்டும்.