உன் வலைத்தளமும் என் வயிற்றெரிச்சலும்

இன்று காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்து வேறு எதற்கோ ஓர் எழுத்தைத் தட்டினேன். மீதியை அதுவே நிரப்பிக்கொண்டு உன் வலைத்தளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. நீ போய் எட்டு மாதமாகிறது. தளம் அப்படியே இருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. என்னுடையது இன்னும் ஆடி அசைந்துதான் வருகிறது. செத்துப் போனவள்மேல் பொறாமைப்படுகிற ஒரே ஆள் பினாங்கில் நானாகத்தான் இருப்பேன்.

பாயான் லெப்பாஸ் கம்பெனியில் நம் இருவரையும் ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தினார்களே, அந்த வாரமே ஆளுக்கொரு தளம் கட்டுவதென்று முடிவெடுத்தோம். இதுவரை செய்த வேலைகளைக் காட்ட ஒரு இடம் வேண்டுமே. அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து நீ ஃபெரி ஏறி வருவாய். லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் மடிக்கணினிகளை விரித்துக்கொண்டு உட்காருவோம். வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறிப்போகும்.

நான் பத்து நாள் உழைத்தேன். பின்னணியில் நட்சத்திரம் பறந்தது. பெயர் எழுத்தெழுத்தாக வந்து விழுந்தது. எனக்கு என்னென்ன எத்தனை விழுக்காடு தெரியும் என்று கலர் கலராகப் பட்டைகள் வேறு. நீ பார்த்துவிட்டுச் சிரித்தாய். "என்னாடி இது, கல்யாண மண்டபத்துக்கு லைட்டு போட்ட மாதிரி! தொண்ணூறு பெர்சன்ட் தெரியும்னா, மிச்சம் பத்து எங்க போச்சு?"

உன்னுடையது ஒரே பக்கம். நான்கு வேலைகள். ஒவ்வொன்றின் கீழும் எங்கே சொதப்பினாய், எப்படிச் சரிசெய்தாய் என்று நாலு வரி. இரண்டே நாளில் கட்டி முடித்தாய். எனக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்ல?

வீட்டுக்குப் போய் உன் பக்கத்தின் நிரலை அப்படியே எடுத்தேன். பெயரை மாற்றினேன், படத்தை மாற்றினேன், நீலத்தைப் பச்சையாக்கினேன், பறக்கும் நட்சத்திரத்தை மட்டும் விட மனசில்லாமல் ஒட்டிக்கொண்டேன். உன்னிடம் மூச்சுவிடவில்லை. விண்ணப்பங்களில் அந்தத் தளத்தையே போட்டு அனுப்பினேன். கீழே 'தொடர்புகொள்ள' என்று இருந்த படிவத்தை மட்டும் கவனிக்கவில்லை. அதில் எழுதுகிறவர்களின் செய்தி எந்த மின்னஞ்சலுக்குப் போக வேண்டுமோ, அந்த இடத்தில் உன் முகவரியே இருந்தது.

மறு வாரம் நீ போன் செய்தாய். "ஏய், உனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் என் இன்பாக்ஸ்ல வந்து குந்திக்கிட்டு இருக்கு. ஃபார்வர்ட் பண்ணிட்டேன். ஒன்னு இன்டர்வியூக்குக் கூப்பிடுது, சீக்கிரம் பதில் போடு லா."

அவ்வளவுதான். ஏன் திருடினாய் என்று கேட்கவில்லை. அது நீயும் விண்ணப்பித்திருந்த வேலை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நீ அந்தச் செய்தியை அழித்திருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும். நானோ உன் நல்ல மனசின்மேலும் பொறாமைதான் பட்டேன்.

நேற்று உன் தங்கை உன் கடவுச்சொற்களை எனக்கு அனுப்பியிருந்தாள். "அக்கா, இத வெச்சிருக்கவா, எடுத்துறவா? நீங்களே சொல்லுங்க லா." உண்மையைச் சொல்கிறேன். எடுத்துவிட்டால் இனி யாரும் நம் இரண்டு தளங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இன்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க, அழிக்கும் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உனக்கு வந்து கிடந்த செய்திகளைத் திறந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நிறுவனம், உன் நான்கு வேலைகளையும் வரி விடாமல் படித்துவிட்டு, பேசலாமா என்று போன வாரம் கேட்டிருந்தது. நீ இறந்துவிட்டதைச் சொல்லி எழுதினேன். பத்து நிமிடத்தில் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. கடைசியில் ஒரு கேள்வி: இவரைப் போல வேலை செய்கிறவர் வேறு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

பதிலில் என் பெயரை அடித்தேன். அழித்தேன். மறுபடியும் அடித்தேன்.

தளம் இருக்கட்டும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் தங்கைக்குச் சொல்லிவிட்டேன். அந்த நிறுவனத்துக்கு, என் பெயரை எடுத்துவிட்டு, இவளைப் போல எனக்குத் தெரிந்து யாரும் இல்லை என்று எழுதி அனுப்பினேன். வயிறு எரிய எரியத்தான் எழுதினேன். இந்தப் பொறாமையைக் கடைசிவரை சுமப்பேன், அது கிடக்கட்டும். அந்த ஒரு வரியை உன்னிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.