கதவில்லாத வேர்கள்

மார்ச் 3
ஆய்வகத்தில் செடி வளர்க்கும் அறையின் ஏசி படுத்துவிட்டது. இருபத்துநான்கு மணல் தொட்டிகளையும் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்து விளக்கடியில் வைத்தேன். பொட்டாசியம் மிகக் குறைந்த தண்ணீர்தான் இவற்றுக்கு. பாதிச் செடிகளின் வேரில் பொட்டாசியத்தை உறிஞ்சும் முக்கியமான இரண்டு புரதங்களும் கிடையாது. அவை சாக வேண்டும். செத்தால்தான் எனக்கு டாக்டர் பட்டம்.

"பட்டினி போட்டு வேடிக்கை பாக்கறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்றார் அப்பா.

மார்ச் 5
அப்பாவுக்கு உட்கார்ந்து விளக்கினேன். வேர்ச் செல்லின் சவ்வில் ஒரு பம்பு புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது, உள்ளே எதிர்மின்னழுத்தம். மண்ணில் பொட்டாசியம் தாராளமென்றால் அந்த ஈர்ப்பிலேயே முதல் புரதக் கதவு வழியாக வந்துவிடும். பஞ்சமென்றால் இரண்டாவது கதவு. வெளியே போன புரோட்டான் திரும்பி வரும்போது பொட்டாசியத்தையும் கையோடு இழுத்துவரும். பிறகு தண்ணீர்க் குழாயேறி இலைக்கு.

"ரெண்டு கதவையும் பிடுங்கிட்டு, சாப்பிடலைன்னு எழுதிவைக்கறே."



மார்ச் 9
அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடிப்பு. ரத்தக்கொதிப்பு மாத்திரை அவர் உடம்பிலிருக்கும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் அடித்துக்கொண்டு போகிறதாம். டாக்டர் பொட்டாசியம் சிரப் எழுதினார், தினம் மூன்று வேளை.

மார்ச் 16
செடிகள் சாகவில்லை. பச்சைப்பசேலென்று நிற்கின்றன. ஏன்?

மார்ச் 17
வழிகாட்டி மேடம் நேரில் வந்து பார்த்தார். மூன்றாவது கதவாக இருக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை துறைக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மார்ச் 19, வியாழன்
அப்பாவின் ரத்தத்தில் பொட்டாசியம் இன்னும் இறங்கியிருக்கிறது. இதயத் துடிப்பே தடுமாறலாம் என்றார் டாக்டர். சிரப் புட்டியோ ஒழுங்காகக் காலியாகிறது. பயந்துபோய் வீட்டுக்கு வந்தால், பின்னறையில் எறும்புச் சாரை. தொட்டிகளை நோக்கி. மணலைத் தொட்டேன் — பிசுபிசுப்பு.

"வாயில வைக்க முடியலம்மா. கீழ கொட்டவும் மனசு வரல. அதுங்களும் பாவம்" என்றார் அப்பா.

அய்யோ, நாளைக்குக் கூட்டமாச்சே! மேடம்கிட்ட என்னன்னு சொல்றது? கத்தணும்னு வாயத் தொறந்தேன், அழுகைதான் வந்துச்சு. அப்பா போய் ஒரு மூடி சிரப் குடித்துவிட்டு வந்தார்.

மார்ச் 20
மேடம் முழுதும் கேட்டார். சிரிக்கவில்லை. "ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு ஊத்தினார்?" என்றார். பொட்டாசியம் ஏராளமாக இருந்தால், கதவில்லாத வேரிலும் வேறேதோ வழியாக உள்ளே போகிறது. அது எந்த அளவில் தொடங்குகிறது? அளந்து ஊற்றி, முதலிலிருந்து செய்யச் சொன்னார். பேச்சு ரத்து.

ஏப்ரல் 2
சிரப்பைப் பழச்சாற்றில் கலந்து தருகிறேன். நான் எதிரில் நின்றால்தான் இறங்குகிறது.

ஏப்ரல் 24
பட்டினித் தொட்டிகள் மஞ்சளாகிவிட்டன. அதிகம் ஊற்றியவை பச்சை. நடுவில் ஒரு வரிசை இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. அதுதான் என் புதிய அத்தியாயம் என்கிறார் மேடம்.

அப்பா தெருமுனை வரை நடந்துவிட்டு அரைமணி தாமதமாக வந்தார். பயந்து வாசலிலேயே நின்றிருந்தேன். அங்கே கடை வைத்திருக்கும் தையல்காரரை நிறுத்திவைத்து புரோட்டான் பம்பை விளக்கிக்கொண்டிருந்தாராம். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஏறக்குறைய சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.