இரண்டு வாரத்துக்கு மட்டும்

ஹாலண்டேல், ஃபுளோரிடா
18 நவம்பர் 1990

என் லிசெத்துக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்ததுமே பூஞ்சை வாடை முகத்தில் அறைந்தது. கோடையில் வாடகைக்கு இருந்த ஆள் ஏசியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். மெத்தை, திரைச்சீலை, அலமாரியில் தொங்கிய என் நீலக் கவுன் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. "கடலோரத்துல வீடு வாங்கலாம்னு யாரு சொன்னது?" என்று ஆரம்பித்தார் உன் அத்தான். "நீங்கதான்" என்றேன். உடனே ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார். வெளிநாட்டில் வீடு வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான் போ.

ஒரு நல்ல செய்தி. போன குளிர்காலத்தில் நாலாவது மாடிக்காரரின் பேரப்பிள்ளைகள் நீச்சல்குளத்தை இரண்டாக்கினார்களே, இனி அந்தத் தொல்லை இல்லை. ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே யாரும் இந்தக் கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது என்று போன தடவை ஊருக்குக் கிளம்புமுன் வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் போட்ட விதி இப்போது அமலுக்கு வந்துவிட்டது. விருந்தாளியாக வந்தால் வருஷத்துக்கு இரண்டு வாரம். நான்தான் கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கினேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நாங்கள் தாராளமாகத்தான் கொடுத்திருக்கிறோம், இல்லையா?

உன் கணவர் நோர்மானுக்கு என் நன்றியைச் சொல். நாங்கள் இல்லாத குளிர்காலம் முழுக்க அங்கே ஷாவினிகனில் எங்கள் வீட்டைத் திறந்து சூடு ஓடுகிறதா, குழாய் உறைந்ததா என்று பார்த்து, கூரைப் பனியையும் தள்ளிவிட வேறு யார் இருக்கிறார்கள்? நீ கொடுத்து வைத்தவள். ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுகிறேன், ஒரு தடவையாவது வாயேன். உனக்கு அக்கா மேல் பாசம் அவ்வளவுதான்.

குட்டி வலேரிக்கு முத்தங்கள்.

அக்கா ரோலாந்த்


ஷாவினிகன், கியூபெக்
1 டிசம்பர் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

இனி எனக்கு எழுதினால் நான் வேலை பார்க்கும் தையல் கடை முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வரும் கடிதங்களை அவர்தான் பிரிக்கிறார்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அவர் என்னை அடிப்பதில்லை அக்கா. அதனாலேயே யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. தினமும் சாயங்காலம் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். கடைக்குப் போய்வரும் தூரத்துக்கு மேல் கொஞ்சம் கூடியிருந்தாலும் அன்று யாரோடும் பேச மாட்டார், எங்களையும் பேச விட மாட்டார். வலேரி சாப்பாட்டு மேஜையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறாள். போன வாரம் அவள் வகுப்பில் வாய்விட்டுச் சிரித்தாளாம். டீச்சர் அதை ஒரு அதிசயம் போல என்னிடம் வந்து சொன்னாள். பதினோரு வயதுப் பிள்ளை அக்கா.

நான் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பப் போகிறேன். உன் வீடு இங்கே பூட்டித்தான் கிடக்கிறது, ஆனால் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கிறது. வேறு எங்கே போனாலும் அரை மணி நேரத்தில் வந்து நிற்பார். உன் கடலோர வீடு ஒன்றுதான் தூரமாக இருக்கிறது. கோடை வரைக்கும் எங்களை வைத்துக்கொள்வாயா?

லிசெத்


ஹாலண்டேல்
11 டிசம்பர் 1990

என் கண்ணே லிசெத்,

இதைக் கேட்கவும் வேண்டுமா? உடனே கிளம்பி வா என்று எழுதிவிட்டுத்தான் பேனாவை வைத்தேன். வைத்த பிறகு அந்தப் பாழாய்ப்போன விதி ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரர் சங்கத் தலைவி மதாம் துஃபூரிடம் ஓடினேன். குளக்கரையில் சாய்வு நாற்காலியில் கிடந்தவள் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "என்னம்மா ரோலாந்த், ரூலக் கொண்டுவந்ததும் நீங்க, மொதல்ல மீறப் போறதும் நீங்களா?" என்றாள். "இது அவசரம்" என்றேன். "நாலாவது மாடிக்காரரும் அதத்தான் சொன்னாரு. அவர் மகளுக்கு ஆபரேஷன். பேரப்பசங்கள ஊருக்கு அனுப்பச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

விதியை மாற்ற முக்கால்வாசிப் பேர் கை தூக்க வேண்டும். பாதி வீட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸ் முடிந்துதான் பனிக்குப் பயந்து இறங்கி வருவார்கள். அதற்கு முன்னால் கூட்டமே கூட்ட முடியாது. நீ இப்போது இரண்டு வாரத்துக்கு என்று வா. அதற்குள் ஏதாவது செய்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க அழுதேன். ஒவ்வொரு ஞாயிறும் நோர்மானோடு போனில் எவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறோம்.

அக்கா


ஷாவினிகன்
20 டிசம்பர் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரம் எனக்கு உதவாது. ஒரு பெண் வீட்டை விட்டு ஒரு தடவைதான் கிளம்ப முடியும். போய்விட்டுத் திரும்பி வந்தால், அப்புறம் வாசல் பக்கம்கூட என்னை விட மாட்டார். கூட்டம் முடியட்டும். "வா" என்று ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும். பஸ் டிக்கெட் வாங்கி, கடையில் நூல்கண்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். வலேரிக்கு இன்னும் சொல்லவில்லை. சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்துவிடும்.

அத்தானுக்குச் சொல்ல வேண்டாம் என்று போன தடவையே எழுதியிருக்க வேண்டும். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

லிசெத்


ஹாலண்டேல்
9 ஜனவரி 1991

லிசெத்,

அத்தானிடம் உன் முதல் கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டேன். முப்பத்தாறு வருஷமாக எதையும் அவரிடம் மறைத்துப் பழக்கமில்லை.

சனிக்கிழமை கூட்டம் நடந்தது. எழுந்து நின்று கெஞ்சினேன். "ஒருத்தருக்கு விட்டா ஊரே வரும்" என்றார்கள். "புருஷன் பொண்டாட்டி சண்டை எந்த வீட்லதான் இல்ல?" என்று ஒருவர் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கம் எழுந்த கைகளில் இரண்டு எங்களுடையவை. வீட்டுக்கு வந்து, விதியாவது மண்ணாவது, நடப்பது நடக்கட்டும் என்று உனக்கு "வா" என்று எழுதினேன். திங்கள்கிழமை தபாலில் போடலாம் என்று மேஜைமேல் வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல உன் அத்தான், வீட்டுக் குழாய் எப்படி இருக்கிறது என்று கேட்க நோர்மானைக் கூப்பிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். எல்லாம் பேசி முடித்து, "அப்புறம் நோர்மான், லிசெத் வர்றப்ப ரெண்டு டின் மேப்பிள் பாகு குடுத்து விடுப்பா, இங்க கெடைக்கிறது வாயில வைக்க முடியல" என்றார். நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன். அந்தப் பக்கம் நோர்மான், "அதுக்கென்ன அண்ணி, குடுத்து விட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு தன்மையான குரல்.

உன் அத்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். அவரை வைதும் பார்த்துவிட்டேன், என்னையே வைதும் பார்த்துவிட்டேன். உன் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைக்குப் போன் செய்தால் நீ திங்கள்கிழமையிலிருந்து வரவில்லை என்கிறார்கள். உங்கள் ஊர்ப் போலீசைக் கூப்பிட்டேன். "அடிச்சாராம்மா?" என்று கேட்டார்கள். "இல்ல" என்றேன். வைத்துவிட்டார்கள்.

லிசெத், வா. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. எங்களை வெளியே தள்ளினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போவோம். கிளம்ப முடியாவிட்டால் ஒரு வரி எழுது, நானே விமானம் ஏறி வருகிறேன். இந்தக் கடிதம் கடையில் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா


ஷாவினிகன்
21 ஜனவரி 1991

மதிப்புக்குரிய ரோலாந்த் அக்காவுக்கும் ரெஜான் அத்தானுக்கும்,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உங்கள் கடிதத்தைக் கடைக்காரம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நோர்மான் எனக்கு வாசித்துக் காட்டினார். வீணாகக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் எனக்கு மனது கொஞ்சம் சோர்ந்துபோகும், அப்போது ஏதேதோ எழுதிவிடுகிறேன். கடை வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் இருந்தால் உடம்புக்கு நல்லது என்று அவர் சொல்கிறார். அக்கா விமானம் ஏறி வர வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாய்கள் நன்றாக இருக்கின்றன.

பிப்ரவரியில் மூவரும் உங்கள் கடலோர வீட்டுக்கு வருகிறோம். இரண்டு வாரத்துக்குத்தான். அதற்கு மேல் தங்கக் கூடாது என்ற விதி அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எல்லாக் கட்டடத்திலும் இப்படி ஒரு விதி இருக்க வேண்டும் என்கிறார். வலேரி நீச்சல் உடை கேட்கவில்லை, ஆனால் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இதை எழுதும்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லச் சொல்கிறார்.

இனிமேல் கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை போனிலேயே பேசிக்கொள்ளலாம். அவர் பேசி முடித்ததும் என்னிடம் தருவார்.

அன்புடன்,
நோர்மான், லிசெத், வலேரி