சம்பந்தி இல்லாமல் படகைத் தூக்கியது

கனமான பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுக்காத அன்புச் சம்பந்திக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன். சத்தியமாக. பெரியவர்களுக்கு மாலையில் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நீங்கள் போன பிறகு சேர்ந்தேன். யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கள், சுவரில் ஒட்டி எல்லோரும் படிக்கலாம் என்று டீச்சர் சொன்னார். மற்றவர்கள் மகனுக்கும் கலெக்டருக்கும் எழுதுகிறார்கள். எனக்கு உங்களை விட்டால் யார்?

ஒரு வரி முடிந்தால் கையை உதறிக்கொள்கிறேன். அவ்வளவு மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் சந்தோஷத்தைக் கேளுங்கள். நிறத்தை வைத்து பஸ் ஏறியவன், இப்போது மானாம்பதி என்று போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். எங்கும் போக வேண்டியிராத நாளிலும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிற பஸ்ஸை எல்லாம் படிக்கிறேன். படித்ததைத் திருப்பிச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. பேப்பரைச் சத்தமாகப் படிக்க நீங்கள் இருந்தவரை எனக்கு எழுத்து எதற்கு?

சுவரில் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். காலமாகிவிட்ட இவர் என் மகள் செல்வியின் மாமனார். சென்னைத் துறைமுகத்தில் கயிறும் பாரமும் இழுக்கிற கலாசியாக இருந்தவர். வேலை முடிந்து ஊருக்கு வரும்போது, கப்பலில் கழித்துப்போட்ட காற்றடிக்கும் ரப்பர் படகு ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மனைவியை இழந்த நாங்கள் இருவரும் ஏரியில் வலை போட்டோம். அந்தப் படகு கிழிந்ததும் அதே ரகத்தில் இன்னொன்று வாங்கினோம்.

கரை முழுக்க வேலிகாத்தான் முள். படகைத் தரையில் இழுக்கவும் முடியாது, போட்டுவைக்கவும் முடியாது. தினமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தண்ணீரை ஒட்டிய கொட்டகையில் மேடை மேல் ஏற்ற வேண்டும். பின்பக்கம் பலகை உள்ளதால் கனம் அங்கேதான். அதற்குத்தானே தினமும் சண்டை?

“பொண்ணு எட்த்தவர கனம் தூக்க வுட்டான்னு ஊரு பேசும். நீங்க முன்னாடி போங்க” என்பேன்.

“பொண்ணு குட்த்த பாவத்துக்கு நீங்க பின்னாடியே தூக்கினு சாவணுமா? நவுருங்க சம்பந்தி” என்று பின்பக்கம் ஓடிவிடுவீர்கள்.

நீங்கள் போனதும் படகு காற்றிறங்கிக் கிடந்தது. இந்த மழையில் ஏரி நிரம்பியது. கரையில் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். செல்வி போன் செய்தாள்.

“ஒண்டியா இன்னா பண்ணப்போற நைனா அத்த வச்சிக்கினு? ஞாயித்திக்கெயம வர்றோம். வித்துட்டு எங்களோட வந்துடு.”

“ஒண்டியாவே தூக்கிக் காட்டினா?”

“காட்டு. அப்புறம் நான் வாயத் தொறக்கல.”

எனக்கு ஏரியை விட்டுப் போக மனமில்லை சம்பந்தி. ஒரகடத்தில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. ஜன்னலில் பார்த்தால் இன்னொரு ஜன்னல்.

அப்போதுதான் கொட்டகை மூலையில் கிடந்த கிழிந்த படகின் நினைவு வந்தது. கப்பல் ஓரத்தில் டேவிட் என்று ஒரு வளைந்த இரும்புக் கை இருக்கும், படகை அதில்தான் தொங்கவிடுவார்கள் என்று சொல்வீர்களே. அதற்காக அந்தப் படகில் ஒட்டியிருந்த நான்கு தடித்த ரப்பர் வில்லைகள், நடுவில் இரும்பு வளையத்தோடு அப்படியே இருந்தன. ‘உரிச்சி இதுல ஒட்டினா ஆவும்’ என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நாம் இரண்டு பேர் இருக்கும்போது அது எதற்கு என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

பஞ்சர் கடைத் தணிகாசலத்தைக் கூட்டிவந்தேன்.

“இன்னா பெருசு, கப்பலு வாங்கிட்டியா?”

“கப்பல்ல தொங்கினு இருந்ததுப்பா இது.”

நான் குறடு வைத்து இழுத்ததும் கையைத் தட்டிவிட்டான். “புடுங்காத. ரப்பரு பிஞ்சிக்கினு வரும். சூடு காட்டு, தானா வுடும்.”

அவனுடைய சூடுகாற்று மெஷினைக் காட்டக் காட்ட, வில்லை ஓரத்திலிருந்து தோசை போலக் கிளம்பியது. பழைய பசையைத் தின்னர் போட்டுத் துடைத்தோம். ஒட்டுகிற இடத்தையும் வில்லையின் அடியையும் உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்தோம். பசை ஒரு கை தடவிக் காயவிட்டு, மறுபடி ஒரு கை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்த வேண்டும். மூன்றை அப்படி ஒட்டினோம். நான்காவதை நான் தனியாக ஒட்டிக்கொள்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் இடது ஓரத்தில், அது போக வேண்டிய இடத்தில்தான் உங்கள் சுண்ணாம்பு இருந்தது. வெற்றிலை போட்டு மிச்சத்தை விரலோடு அங்கேதான் இழுப்பீர்கள். படகுக்கு நாமம் சாத்துகிறீர்களா என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! அதைத் தேய்க்கக் கை வரவில்லை. ஒரு சாண் தள்ளி ஒட்டினேன். செங்கல் அடுக்கி ஒரு நாள் விட்டேன்.

படகுக்குக் காற்றடித்து, நான்கு வளையங்களிலும் கயிறு கட்டி, ஒன்றாக முடிந்து, கொட்டகை விட்டத்தில் மாட்டிய ராட்டினத்தில் இழுத்தேன். எழும்பியது! கத்திவிட்டேன், “சம்பந்தி, எழும்புது பாருங்க!” அடுத்த நொடி படகு ஒருபக்கம் சாய்ந்தது. வலை, துடுப்பு, மீன் வாளி எல்லாம் சரிந்து என் காலில் விழுந்தன.

தணிகாசலம் வந்து பார்த்தான். “மூணு சரியாக் கீது. இது ஒண்ண மட்டும் இன்னாத்துக்குத் தள்ளி ஒட்டின? கண்ணு தெரியலியா?”

“மங்கலாத்தான் கீது” என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுபடி சூடு காட்டி அந்த வில்லையை உரித்தோம். ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு உப்புத்தாளை எடுத்தேன். சுண்ணாம்பு சீக்கிரம் போய்விட்டது சம்பந்தி. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம். பசை தடவிய பிறகும் விரலில் வெள்ளைப் பொடி. “பசை காயுது, இன்னா யோசன?” என்று தணிகாசலம் அதட்டிய பிறகுதான் வில்லையை வைத்து அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் கயிற்றைத் தொட்டதும் உங்கள் மகன் பின்பக்கம் ஓடினார். “மாமா, கனம் இங்கதான், நான் புடிக்கிறேன்.”

“நீங்க நவுருங்க மாப்ள.”

இழுத்தேன். நான்கு கயிறும் ஒன்றாக விறைத்தன. படகு கட்டில் போல நேராக மேலே போய் நின்றது. செல்வி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து படகுக்குள் வைத்துப் பார்த்தாள். அவள் யார் மகள்! ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“விக்கல நைனா” என்றாள். “ஆனா ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு போனு, வந்து ஒரு போனு.”

அவர்கள் போன பிறகு படகை இறக்கி, மறுபடி ஏற்றினேன். சும்மாதான். எத்தனை சந்தோஷம் தெரியுமா? கயிற்றைக் கட்டிவிட்டுப் பின்பக்கம் போனேன். இப்போது கனமான பக்கம் என்று ஒன்று இல்லை. நவுருங்க என்று யாரும் தள்ளவில்லை. நான் யாரோடு மல்லுக்கு நிற்பேன்?

மறுநாள் ஏரியில் இறங்கினேன். ஜிலேபிக் கெண்டை கொஞ்சம், விரால் ஒன்று. நீங்கள் உட்காராததால் படகின் மூக்கு தூக்கிக்கொள்கிறது, காற்று அதைத் திருப்பிவிடுகிறது. முன்னால் ஒரு மண் மூட்டை வையுங்கள் என்று மாப்பிள்ளை சொல்கிறார். வைக்கலாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கயிற்றை என்னால் இழுக்க முடியாத நாள் வந்தால், மறைக்க மாட்டேன். செல்வி கேட்பதற்கு முன்னால் நானே போன் செய்து சொல்வேன். அதுவரை நம் படகு முள்ளைத் தொடாது.

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி,
முனுசாமி