சபையின் பெயரில் நான் கேட்டது

மேல் டிவிஷன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பா ஷாமிலாவுக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்த மட்டக்களப்பு வெயிலில் நீயும் வாடாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபத்தில் கேட்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, துவைத்த துணியெல்லாம் அடுப்புக்கு மேல் கொடியில்தான் காய்கிறது, உன் அப்பா புகை வாசத்தோடு தேயிலை பெக்டரிக்குப் போய் வருகிறார். உன் மெசேஜுக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, கோபிக்காதே. கடுதாசியில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. போனை எடுத்தாலே இப்போது நான் என் பெயரில் எழுதுகிறேனா பிரதேச சபையின் பெயரில் எழுதுகிறேனா என்று ஒரு பயம் வந்துவிடுகிறது. கடுதாசியில் கையெழுத்துப் போட்டால் அது நான்தான், அதில் சந்தேகம் இல்லை. அம்மா, நான் போட்ட கமெண்டை அழிச்சிடவா, உங்க வேலைக்கு ஏதும் ஆயிடுமா என்று கேட்டிருந்தாய். அழிக்காதே. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பஜாரில் புது லைட்டுகள் போட்ட அன்று தவிசாளர் சுவிட்சைத் தட்டும் படத்தைப் பிரதேச சபையின் பேஸ்புக் பக்கத்தில் ஏற்றியது நான்தான், அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதுதானே என் வேலை. அதற்குக் கீழே நீ, பஜாருக்கு லைட்டு வந்தது சந்தோசம், எங்க மேல் லயத்து ரோட்டுல எங்கம்மா இன்னும் போன் வெளிச்சத்துலதான் நடந்து வாராங்க என்று எழுதியிருந்தாய். அதை நான் படித்ததே அந்த ரோட்டில்தான் பாப்பா, ஒரு கையில் குடை, ஒரு கையில் அதே போன். உண்மைதான் பாப்பா, நீ சாப்பிட்டியா என்று உடனே எழுதிவிட்டேன். சபையின் கணக்கு என் போனிலேயே திறந்து கிடந்ததை மறந்துவிட்டேன். விடிந்து பார்த்தால் சபையின் இலச்சினையோடு, சபையே உன்னைப் பாப்பா என்று கூப்பிட்டு, நீ சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டு, சாப்பிட்டியா என்றும் கேட்டு நிற்கிறது. அதற்குள் ஊரே பார்த்துவிட்டது. காலை பஸ்ஸில் ராசம்மா அக்கா, ஏண்டி ஜெனிதா, சபை ஒம்மகளுக்கு மட்டும்தான் சோறு விசாரிக்குமா, நாங்கெல்லாம் தின்னோமா கெடந்தோமான்னு கேக்காதா என்று சத்தமாகக் கேட்க, டிரைவர் உட்பட பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கண்ணீர் வரப் பார்த்தது, பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

ஒபிசில் யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் மிஸ் கூப்பிட்டு, தவிசாளருக்கு சரியான கோபம் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, மேலிருந்து வரும் நெருக்குதலைக் கீழே இறக்குகிறார், அவ்வளவுதான். யாரோ கணக்கைத் திருடி எழுதிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுங்கள், விஷயத்தை முடித்துவிடலாம் என்றார். மிஸ், எந்தத் திருடன் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போவான் என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்து தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை. இனிமேல் சபையின் பக்கத்தில் எதைப் போடுவதானாலும் முதலில் கடதாசியில் எழுதி, மூன்று பேர் ஒப்பமிட்டு, பிறகுதான் ஏற்ற வேண்டும். முதல் வாரமே, தண்ணீர் வெட்டப்படும் என்ற அறிவித்தல் மூன்று ஒப்பமும் வாங்கி வெளியே வரும்போது தண்ணீரே திரும்பி வந்துவிட்டது. அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். கடைசியில் ஒன்று சேர்த்திருந்தார்கள், உத்தியோகத்தர்களின் குடும்பத்தார் சபையின் பக்கத்தில் கருத்து எழுதக்கூடாது, ஏற்கெனவே எழுதியதை அகற்றச் செய்ய வேண்டும், அதற்கு உத்தியோகத்தர் உறுதிமொழி ஒப்பமிட வேண்டும் என்று. மற்ற எல்லாரும் ஒப்பமிட்டார்கள். நான் இடவில்லை.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சபைக்கென்று தனிப் போன் வாங்குங்கள், சொந்தப் போனில் சபையின் கணக்கைத் திறக்கச் சொல்லாதீர்கள் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்தப் பெயரில் எழுதுகிறேன் என்று பார்க்காதது என் பிழை, அதற்கு வருந்துகிறேன், எழுதிய விஷயம் பிழை இல்லை, அதற்கு வருந்த மாட்டேன் என்றும் எழுதினேன். சம்பளம் வாங்குவது நான், என் மகள் இல்லை, அவள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது, அவள் வாயை மூட என் பேனாவைக் கேட்காதீர்கள் என்று கடைசி வரி. அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், உன் அப்பாதான், எழுதினதுல என்ன பொய்யிருக்கு, குடு போ என்றார். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் லைட்டு சபையின் வேலை என்கிறார்கள், சபையைக் கேட்டால் ரோடு தோட்டத்துடையது என்கிறார்கள். தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்று சட்டத்தைத் திருத்தியே வருஷங்கள் ஆகின்றன. நீ டியூஷன் விட்டு வரும்போது நான் பஸ் ஸ்டாண்டில் நின்று உன்னைக் கூட்டிக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறதா, சிறுத்தை நிற்கிறது என்று யாராவது சொன்னால் இரண்டு பேரும் உரக்கப் பாட்டுப் படிப்போமே. இப்போது நான் தனியாகப் பாடுகிறேன்.

பேஸ்புக் பக்கத்தை என்னிடமிருந்து எடுத்து, ஒபிசில் கூட வேலை செய்யும் விஜிதரன் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். கடவுச்சொல்லை மறைக்காமல் கொடுத்தேன், அந்த அற்பத்தனம் எனக்கு வேண்டாம். நான் எழுதியதை அழிக்கும்படி அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் என்னிடம் வந்து, அக்கா நான் இதுக்குப் புதுசு, ஏத்த மட்டும்தான் படிச்சிருக்கேன், அழிக்கிறத இன்னும் படிக்கல என்று முகத்தில் அசைவே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு இடமாற்றம் வரலாம் என்கிறார்கள். வந்தால் முதல் பஸ்ஸைப் பிடிக்க இந்த ரோட்டில் இருட்டிலேயே இறங்கி நடக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது, உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் டிகிரிக்குப் படித்தேன், அப்போதும் பயம் இருந்தது. பயத்தோடுதான் எல்லாம் செய்தேன், இதையும் செய்வேன்.

போர்டிங்கில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, நுளம்பு வலை இல்லாமல் படுக்காதே. மாதா உன் கூடவே இருந்து காக்கட்டும், படிப்பில் ஒரு குறையும் வராது. மறக்காமல் ஒன்று செய். சபை கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. எத்தனையோ பேர் அதற்குக் கீழே தாங்கள் தின்ற ரொட்டியையும் சம்பலையும் எழுதியிருக்கிறார்கள், கேட்கப்பட்ட நீ மட்டும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எனக்குப் போனில் தனியாகச் சொல்லாதே. அங்கேயே, எல்லாரும் பார்க்க, உன் பெயரில் எழுது, சாப்பிட்டேன் அம்மா என்று. எழுதிவிட்டு, லைட்டு எப்போது வரும் என்று இன்னொரு தரம் கேள்.

இப்படிக்கு,
தன் சொந்தப் பெயரில்,
உன் அம்மா
ஜெனிதா ஜூட்