எதுவும் போடாத பாத்தி

செவ்வாய்க் கிரகம், நாள் 38. காலை 6.20. தெற்குக் குடில்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் தில்லைநாயகி, படித்தது மண் வேதியியல். இந்தப் பசுமைக்குடிலில் நான் ஒருத்திதான். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்றொரு விஷ உப்பு இருக்கிறது. மேலே சுற்றும் விண்வெளித் தளத்திலிருந்து வரும் கம்போஸ்ட் என்ற மக்கிய உரத்தைக் கலந்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த உப்பை உடைத்து, கெடுதல் இல்லாத சாதாரண உப்பாக்க வேண்டும். அப்படித் தெளிந்த மண்ணில் விளைந்ததைத் தின்று நான் நன்றாக இருந்து காட்டினால், பின்னால் இருநூறு பேர் குடியேற வருவார்கள். இன்று ஏழாவது மூட்டையைக் கலந்தேன். ஈரம் சரி. காலைச் சாப்பாடு சிறுகீரைக் கூட்டு. சுமார்தான், சமைத்தது நான் என்பதால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

நாள் 61. மாலை 4.45.

பெர்குளோரேட் இறங்கவே இல்லை. கருவியில் கோளாறோ என்று சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே அளவுதான். தளத்திலிருந்து இந்தச் சோதனையை நடத்துகிறவள் எப்சிபா. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. கிருமிகள் குளிரில் தூங்குகின்றன, தண்ணீரைத் தாராளமாக விடு, கீரை தின்பதை மட்டும் நிறுத்தாதே, கணக்கு கெட்டுவிடும் என்றாள். அவள் சொன்னால் எனக்கு வேதவாக்கு. வடக்குக் குடிலில் இருக்கும் பீர்முகமதுவுக்கும் இதே உரம், இதே விதை. அவன் மண்ணில் உப்பு பாதியாகக் குறைந்துவிட்டதாம். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நாள் 83. காலை 7.05.

குளிர்கிறது. குடிலின் வெப்பம் சரியாகவே இருக்கிறது, எனக்குத்தான் குளிர்கிறது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. கழுத்தின் முன்புறம் வீங்கியிருக்கிறது. இது என்னவென்று எனக்குத் தெரியாதா? பெர்குளோரேட் உடம்பில் சேர்ந்தால் தைராய்டுக்கு அயோடின் போகவிடாது. செடியில் அது அதிகம் சேருமிடம் இலை. மூன்று வேளையும் நான் தின்பது இலை. எப்சிபாவிடம் மாத்திரை கேட்டேன். அடுத்த சரக்கில் வரும் என்றாள்.

நாள் 92. பகல் 1.30.

கம்போஸ்டைக் கரைத்து, கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றி ஒரு வாரம் வைத்திருந்தேன். ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. பிரிக்காத மூட்டையிலிருந்து எடுத்ததும் அப்படியே. நல்ல கம்போஸ்ட் என்றால் ஒரு சிட்டிகையில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கும். இதை யாரோ வேகவைத்துக் கொன்று, உலர்த்தி, பதமாகப் பொடித்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். எப்சிபாவிடம் நேராகவே கேட்டேன். அவள் பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"ஒப்பிட்டுப் பாக்க எதுவும் போடாத பாத்தி ஒண்ணு இல்லாம உரச் சோதனைய யாருடீ ஒத்துக்குவா? உனக்குத் தெரியாததா? முன்னாடியே சொல்லியிருந்தா நீ கீரையத் தின்னிருக்க மாட்டே."

சரியான விளக்கம். உரம் போட்ட பாத்தி பீர். போடாத பாத்தி நான். எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் விடுதிச் சமையல்காரரிடம் சண்டை போட்டுக் கஞ்சி வாங்கி வந்தவள் இவள். அந்தக் கையால்தான் என் பெயரை இந்தக் குடிலுக்கு எழுதியிருக்கிறாள். அழுதேன். பிறகு திட்டினேன். அவை எழுதத் தக்கவை அல்ல.

நாள் 96. மாலை 5.10.

முந்தாநாள் குடிலுக்குக் குடில் பேசும் வானொலியில் பீரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அக்கா, நான் ஒரு வாளி மண்ணு கொண்டுட்டு வாரேன். அது உங்க மண்ணுல தானா பெருகிரும். யாரு தடுத்தாலும் வாரேன்" என்றான். இரண்டு நாள் வண்டியோட்டி இன்று வந்தான். வாளியோடு தன் பங்கு அயோடின் மாத்திரைகளையும் வைத்துவிட்டு, என் கழுத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனான்.

நாள் 119. காலை 6.40.

உப்பு மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. பீரின் கிருமிகளுக்கு அந்தச் செத்த உரமே நல்ல தீனி. கண்டு சந்தோஷப்பட ஆளில்லை. பீரின் வானொலியை மேலிருந்தே அணைத்துவிட்டார்கள். கழுத்து வீக்கம் மட்டும் குறையவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாத்திரையால் இனி ஆகாது, அறுவை செய்ய வேண்டும்.

நாள் 123. மாலை 6.00.

எப்சிபா பேசினாள். கோபமே இல்லை. அதைக் கேட்டுத்தான் பயந்தேன்.

"உன் பாத்தி கெட்டுப்போச்சு, விடு. இனி எதுவும் போடாத பாத்தி கிழக்குக் குடில்தான், கோதைன்னு ஒரு பொண்ணு வந்து விதைச்சிருக்கா. பூமிக்குப் போற அடுத்த கப்பல்ல உனக்கு இடம் போட்டிருக்கேன், கழுத்துக்கு வைத்தியம் பாக்கணும்ல. அவ கேட்டா நல்ல உரம்னு மட்டும் சொல்லு."

சொல்லாவிட்டால் அந்த இடம் கிடையாது, அதற்கடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து. என் மூச்சு அதுவரை தாங்காது, அவளுக்கும் அது தெரியும். முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன். அந்தப் பெண்ணிடம் உண்மையைப் போட்டு உடைப்பேன்.

நாள் 140

உட்கார்ந்தே தூங்குகிறேன். எழுத்து கோணுகிறது. கப்பல் நாளை மறுநாள்.

கோதை வானொலியில் வந்தாள். சின்னக் குரல். முதல் கீரை பறித்தாளாம்.

"அக்கா, நீங்கதான் முன்னாடியே பயிர் பண்ணவங்கன்னு மேடம் சொன்னாங்க. இத நம்பிச் சாப்பிடலாமா?"

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன். மூச்சு வரவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"தாராளமா சாப்பிடும்மா."

நன்றி சொன்னாள். தண்ணீர் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்