மணி தண்ணீர் குடிக்கவில்லை

12-8-1968, திங்கள்
பாப்பிரெட்டிப்பட்டி

பேத்தி செல்வியை எங்கள் நாய் மணி கடித்து இன்றோடு ஆறு நாள். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடவேண்டும் என்று மருமகள் அன்றே அழுதாள். நான் விடவில்லை. நான் வளர்த்த நாய்க்கு வெறி பிடிக்குமா? நாட்டு வைத்தியரிடம் பச்சிலை வாங்கிக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்தேன். நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் பயமில்லை என்றும் சொன்னேன்.

இன்று காலை வைத்த தண்ணீரை மணி தொடவில்லை. மாலையில் என்னையே பார்த்து உறுமியது. மாட்டுக் கொட்டகையில் கட்டிக் கதவைச் சாத்தினேன்.

"மாமா, நாய் நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றாள் மருமகள்.

"அதுக்கென்ன கேடு? உன் வேலையப் பாரு" என்றேன்.

சாப்பிடும்போது செல்வி, "தாத்தா, இந்தச் சோத்த உன் மணிகூடத் தின்னாது" என்று சிரித்தாள். பிறகு தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள். கடைசி மடக்கு இறங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் நானே அவளைத் தர்மபுரிக்கு அழைத்துப் போகிறேன். ஆறு நாள் கழித்துப் போட்டால் ஊசி கேட்குமா, தெரியவில்லை. இந்த வீட்டில் என் பேச்சு ஒருநாளும் எடுபட்டதில்லை. ஊசி வேண்டாம் என்ற இந்த ஒரு தடவை எடுபட்டுவிட்டது.